இஃப் கண்டிஷன்: சூத்திரத்துக்கு முன்னால் நடத்த வேண்டியவை

டீச்சர், உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். அஞ்செட்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இந்த ஆண்டு ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ‘இஃப் கண்டிஷன்’, அதாவது ‘இது நடந்தால் அது நடக்கும்’ என்று ஆங்கிலத்தில் நிபந்தனை போடும் வாக்கியங்களை, நடத்துகிறீர்கள். ஃபர்ஸ்ட் டைப், செகண்ட் டைப், தேர்ட் டைப் என்று சூத்திரத்தைக் கேட்டால் பிள்ளைகள் தூக்கத்திலும் ஒப்பிக்கிறார்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் நின்றுவிடுகிறார்கள். பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். தமிழில் விளக்கலாமா, எந்த வரிசையில் நடத்துவது, பரீட்சைக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆங்கிலம் நடத்தி வருகிறேன். இந்தப் பாடத்தை முதல் ஏழெட்டு வருஷம் தப்பாகத்தான் நடத்தினேன். அது எனக்குத் தெரியவந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பள்ளியைப் பார்வையிட வந்த ஓர் அதிகாரி பத்தாம் வகுப்புக்குள் வந்தார். முன் பெஞ்சில் இருந்த பையனைப் பார்த்து, “வாட் வுட் யூ டூ இஃப் யூ வேர் தி ஹெட்மாஸ்டர்?” என்று அன்பாகத்தான் கேட்டார். நீ தலைமை ஆசிரியராக இருந்தால் என்ன செய்வாய் என்று கேள்வி. பையன் எழுந்து நின்று, தெளிவாக, “செகண்ட் டைப் சார்” என்றான். அவன் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. அவரும் ஒன்றும் சொல்லாமல் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். பையன் தப்புச் செய்யவில்லை. வாக்கியத்தைப் பார்த்ததும் அது எந்த டைப் என்று சொல்லத்தான் நான் அவனுக்குப் பழக்கியிருந்தேன். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு, அதை அவனே யோசித்துச் சொல்லலாம் என்பதை நான் ஒரு நாளும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சூத்திரம் தப்பில்லை. இந்தப் பக்கம் பிரெசென்ட் வந்தால் அந்தப் பக்கம் வில், இந்தப் பக்கம் பாஸ்ட் வந்தால் அந்தப் பக்கம் வுட் என்று அது சரியாகவே சொல்கிறது. ஆனால் ஒருவர் வாயைத் திறக்கும்போது முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: எதைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவு. நடக்கக்கூடியது என்று நினைத்துச் சொல்கிறேனா (ஃபர்ஸ்ட் டைப்), நடக்காது என்று நினைத்தே சொல்கிறேனா (செகண்ட்), நடந்து முடிந்துபோனதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேனா (தேர்ட்)? பேசுகிறவரின் மனசில் இருக்கும் இந்த முடிவுதான் இலக்கணமாக வெளியே வருகிறது. சூத்திரம் இதைத் தாண்டித்தான் தொடங்குகிறது. அதனால்தான் நம் பிள்ளைகள் சூத்திரம் தெரிந்தும் நின்றுபோகிறார்கள்.

தமிழில் விளக்கலாமா என்று தயங்கவே வேண்டாம். தமிழ் இல்லாமல் இதை நம் ஊரில் நடத்த முடியாது என்பதுதான் என் எண்ணம். முதல் பீரியடில் நான் கரும்பலகையில் ஆங்கிலம் ஒரு வார்த்தைகூட எழுதுவதில்லை. இப்படி எழுதுவேன்: வந்தான், வந்தால். போனான், போனால். செய்தான், செய்தால். படித்தான், படித்தால். எழுதிவிட்டு, என்ன தெரிகிறது என்று கேட்பேன். இரண்டு நிமிடத்தில் யாராவது ஒரு பிள்ளை, “கடைசி எழுத்து மட்டும்தான் சார் மாறுது, ன் போயி ல் வருது” என்று சொல்லிவிடும். வந்தான் என்ன காலம்? இறந்தகாலம். அப்புறம் ‘நாளைக்கு வந்தால்’ என்கிறோமே, நாளை எப்படி இறந்தகாலம் ஆகும்? வகுப்பு அமைதியாகிவிடும். பிறந்ததிலிருந்து பேசிவரும் மொழியில் தாங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது என்று தெரியும்போது பிள்ளைகளின் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும், அதைப் பார்க்கவே அந்தப் பீரியடுக்குக் காத்திருப்பேன்.

இதைச் செய்துவிட்டால் செகண்ட் டைப்பின் பெரிய முள் ஒன்று உதிர்ந்துவிடும். ‘இஃப் ஐ ஹேட் எ சைக்கிள்’ என்றதும் பிள்ளை அதை நேற்று சைக்கிள் இருந்தது என்று எடுத்துக்கொள்கிறது. ‘ஹேட்’ இறந்தகாலம் என்றுதானே ஆறாம் வகுப்பிலிருந்து நடத்தியிருக்கிறோம். இறந்தகால உருவம் எப்போதும் கடந்துபோன நேரத்தைக் காட்டாது என்பதைத் தமிழிலேயே காட்டிவிடலாம். வாசலில் நின்று யாராவது கூப்பிட்டால், அம்மா அடுப்படியில் இருந்துகொண்டே “இதோ வந்துட்டேன்” என்கிறார். வந்துவிட்டாரா? இல்லை. ஆனாலும் வந்த மாதிரிச் சொல்கிறார். பிள்ளைகளுக்கு இது போதும். ஆங்கிலத்தில் இறந்தகால உருவம் எட்ட நிற்பதைக் காட்டுகிறது. நேரத்தில் எட்ட இருந்தாலும் சரி, நிஜத்திலிருந்து எட்ட இருந்தாலும் சரி என்று சொல்லிவிடுவேன். ‘எட்ட’ என்ற சொல் எங்கள் வகுப்பில் கலைச்சொல் மாதிரியே ஆகிவிட்டது. “இது கிட்டவா, எட்டவா?” என்று பிள்ளைகளே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

அப்படியானால் நம் பிள்ளைகள் ஏன் தடுமாறுகிறார்கள்? தமிழ் இந்த இரண்டையும் வினைச்சொல்லில் பிரித்துக் காட்டுவதில்லை. ‘மழை பெய்தால் ஏரி நிரம்பும்’, ‘எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன்’. ஒன்று நடக்கக்கூடியது, மற்றது நடக்கவே நடக்காது. இரண்டுக்கும் ஒரே ‘ஆல்’, முடிவில் ஒரே எதிர்காலம். ஆங்கிலம் இந்த இடத்தில் கறாராகப் பிரிக்கிறது: முதலாவதுக்கு வில், இரண்டாவதுக்கு வுட். தமிழ் பேசும் பிள்ளைக்கு இல்லாத ஒரு பிரிவை நாம் புதிதாகக் கொடுக்கிறோம். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

ஆனால் தமிழில் அந்தப் பிரிவு அடியோடு இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பேச்சில் ஒரு சின்னச் சொல் அந்த வேலையைச் செய்கிறது: மட்டும். “நான் மட்டும் கலெக்டரா இருந்தா, இந்த ரோட்டை முதல்ல போடுவேன்.” “எங்கிட்ட மட்டும் பணம் இருந்தா…” இந்த ‘மட்டும்’ வந்து விழுந்ததும் கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும், இது கனவு என்று. தமிழில் எங்கே ‘மட்டும்’ போடத் தோன்றுகிறதோ அங்கே ஆங்கிலத்தில் ஒரு படி பின்னால் போ, வில் வேண்டாம், வுட் போடு என்று சொல்லிப் பாருங்கள். நான் எத்தனையோ உத்திகள் முயன்றதில் இதைப் போல உடனே பிடித்துக்கொண்டது வேறு இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: “நீ மட்டும் நாளைக்கு லேட்டா வந்தே…” என்று மிரட்டும்போதும் இதே சொல் வருகிறது. அது கனவில்லை, நிஜமான மிரட்டல். யாராவது கெட்டிக்காரப் பிள்ளை இதைக் கேட்கும். கேட்டால் சந்தோஷப்படுங்கள், அந்தப் பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது.

வரிசைக்கு வருகிறேன். ஜீரோ கண்டிஷனை அரை பீரியடில் முடித்துவிடுவேன். கைடுகளில் எல்லாம் ‘ஐஸைச் சூடாக்கினால் உருகும்’ என்றுதான் இருக்கும். அதைவிட உங்கள் வகுப்பிலேயே பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள். ‘இஃப் தி லீவ்ஸ் ஆர் வெட், தி வார்ம்ஸ் ஃபால் சிக்.’ மல்பெரி இலை ஈரமாக இருந்தால் புழுவுக்கு நோய் வரும். எப்போது செய்தாலும் இப்படித்தான் ஆகும் என்பதுதான் ஜீரோ. வகுப்பில் யாருக்கும் தெரியாததை அந்தப் பிள்ளை சொல்கிறது, ஆங்கிலத்தில் சொல்கிறது. வேறென்ன வேண்டும்?

ஃபர்ஸ்ட் டைப்புக்கு இந்தப் பக்கத்தில் ஒகேனக்கல்லை விட்டால் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. கர்நாடகத்தில் அணை திறந்தார்கள், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் இத்தனை ஆயிரம் கன அடி வருகிறது என்று பேப்பரில் வருவதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். நீர்வரத்து கூடினால் பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் தடை போடுவார்கள். ‘இஃப் தி வாட்டர் ரைசஸ், தே வில் ஸ்டாப் தி பரிசல்ஸ்.’ பரிசலுக்கு ஆங்கிலச் சொல் என்ன என்று முதல் நாளே தேட வேண்டாம், பரிசல் என்றே சொல்லட்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் நடத்தியபோது கே.ஆர்.பி. அணையை, அதாவது கிருஷ்ணகிரி அணையை, எடுத்துக்கொள்வேன். அதன் முழுக் கொள்ளளவு 52 அடி. ஐம்பதை நெருங்கினாலே தென்பெண்ணைக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை வந்துவிடும். ‘இஃப் தி லெவல் கிராசஸ் ஃபிஃப்டி ஃபீட், தே வில் வார்ன் தி வில்லேஜஸ்.’ இந்த வாக்கியங்களைச் சொல்லும்போது பிள்ளை சூத்திரத்தை நினைப்பதில்லை, ஆற்றை நினைக்கிறது. அதுதான் நமக்கு வேண்டும்.

இங்கே வரும் பெரிய தப்பு ‘இஃப் தி வாட்டர் வில் ரைஸ்’. நாளைக்கு நடக்கப்போவது என்பதால் பிள்ளை இரண்டு பக்கமும் வில் போடுகிறது. “தமிழில் ‘வருவான்’ஐ எடுத்து அதோடு ‘ஆல்’ சேர்க்க முடியுமா?” என்று திருப்பிக் கேட்பேன். சேர்த்துப் பார்த்துச் சிரிப்பார்கள். தமிழ் எப்படி ‘ஆல்’ பக்கத்தில் எதிர்காலத்தை விடுவதில்லையோ, அப்படியே ஆங்கிலமும் இஃப் பக்கத்தில் வில்லை விடுவதில்லை என்று முடித்துவிடுவேன். மரியாதைக்காக இஃப்போடு வில் வரும் சில இடங்கள் ஆங்கிலத்தில் உண்டுதான். பள்ளியில் அதைத் தொடவே வேண்டாம்.

இப்போது ஃபர்ஸ்டும் செகண்டும் சந்திக்கிற இடம். இங்கேதான் இரண்டு மூன்று பீரியடைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டும். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் நான் இருந்தபோது வகுப்பில் பாதி தக்காளி விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள். தக்காளி கிலோ நூறு ரூபாய்க்குப் போனால் உங்கள் அப்பா என்ன செய்வார் என்று கேட்டேன். ஒரு பெண், ‘இஃப் டொமேட்டோ கோஸ் டு ஹண்ட்ரட் ருப்பீஸ், மை ஃபாதர் வில் பை எ பைக்’ என்றாள். பின்னால் இருந்த பையன், ‘இஃப் டொமேட்டோ வென்ட் டு ஹண்ட்ரட் ருப்பீஸ், மை ஃபாதர் வுட் பை எ பைக்’ என்றான். உடனே வகுப்பு, “சார், யார் சொன்னது ரைட்டு?” என்றது. இரண்டும் ரைட்டு என்றேன். யாருக்கும் பிடிக்கவில்லை, ஒரு கேள்விக்கு இரண்டு விடை சரியாக இருப்பது அவர்களுக்குப் பழக்கமில்லை. “சரி, இந்த இரண்டு அப்பாக்களில் யார் அதிகம் நம்பிக்கையோடு இருக்கிறார்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்தப் பையனே சொன்னான்: “அவங்க அப்பா சார். எங்க அப்பா போன தடவை ரோட்டுல கொட்டிட்டு வந்தாரு.”

செகண்ட் டைப் என்றால் என்ன என்று அன்றைக்கு அந்த வகுப்பு முழுக்கத் தெரிந்துகொண்டது. விலை உண்மையில் ஏறுமா ஏறாதா என்பது இலக்கணத்தின் கவலை இல்லை. 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டவும் செய்தது. ஏறும் என்று நினைத்துப் பேசுகிறவர் வில் சொல்கிறார், ஏறாது என்று நினைப்பவர் வுட் சொல்கிறார். அவ்வளவுதான். அதனால் செகண்ட் டைப்பை ‘நடக்கவே முடியாதது’ என்று மட்டும் நடத்தாதீர்கள். நான் பறவையாக இருந்தால், நான் பிரதமராக இருந்தால் என்றே உதாரணம் கொடுத்துக்கொண்டிருந்தால், பிள்ளை அதைக் கற்பனைக் கட்டுரைக்கு மட்டுமே உரியது என்று ஒதுக்கிவிடும். நம் வீட்டுப் பேச்சில் பாதி செகண்ட் டைப்தான். போர் போட்டுத் தண்ணி வந்தா, பஸ் நம்ம ஊர் வரைக்கும் வந்தா, அண்ணனுக்கு ஓசூர்ல வேலை கிடைச்சா. எந்த வீட்டில் இவை நம்பிக்கை, எந்த வீட்டில் கனவு என்பதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும், நாம் சொல்லக்கூடாது.

‘இஃப் ஐ வேர்’ பற்றி ஒரு வார்த்தை. ‘ஐ’க்கு ‘வாஸ்’தானே வரும் என்று கேட்பார்கள். பரீட்சையில் ‘வேர்’ எழுத வேண்டும். அதை ஒரு தனி வழக்காக மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுங்கள். பேசும்போது ‘இஃப் ஐ வாஸ்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் நிறுத்தித் திருத்த வேண்டாம், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் பேச்சில் அப்படிச் சொல்கிறார்கள். வாயைத் திறந்த பிள்ளையை மூட வைக்கும் திருத்தம் எதுவும் அந்த நேரத்தில் வேண்டியதில்லை.

தேர்ட் டைப்பைக் கஷ்டம் என்று பத்தாம் வகுப்புக்குத் தள்ளிவைக்கிறோம். தமிழ்ப் பிள்ளைக்குச் செகண்டைவிட இது எளிது என்பது என் அனுபவம். காரணம், தமிழில் இது அச்சாக அப்படியே இருக்கிறது. வந்திருந்தால், வந்திருப்பேன். இரண்டு பக்கமும் ஒரு ‘இரு’ உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். ஆங்கிலத்திலும் இரண்டு பக்கமும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது: அந்தப் பக்கம் ஹேட், இந்தப் பக்கம் ஹேவ். ‘இஃப் ஐ ஹேட் கம்’, ‘ஐ வுட் ஹேவ் கம்’. தமிழில் ‘இரு’ தெரிந்தால் ஆங்கிலத்தில் ஹேட், ஹேவ் போடு என்றால் முடிந்தது.

இதில் பிள்ளைகள் வழுக்குவது வேறு இடத்தில். நடந்ததைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். நடந்தது நடக்கவில்லை ஆகும், நடக்காதது நடந்தது ஆகும். இதைச் சூத்திரம் சொல்வதே இல்லை. நான் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் நடந்ததை மட்டும் எழுதச் சொல்வேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப்போனதை எல்லாப் பிள்ளைகளும் செல்போனில் பார்த்தார்கள். இடப்பக்கம்: ‘தி லேக் ஓவர்ஃப்ளோட். தி வேன்ஸ் ஃப்ளோட்டட் அவே.’ இரண்டும் நடந்தவை. இப்போது இரண்டையும் திருப்பு. ‘இஃப் தி லேக் ஹேட் நாட் ஓவர்ஃப்ளோட், தி வேன்ஸ் வுட் நாட் ஹேவ் ஃப்ளோட்டட் அவே.’ இடப்பக்கத்தில் ‘நாட்’ இல்லாவிட்டால் வலப்பக்கத்தில் வரும், இடப்பக்கத்தில் இருந்தால் வலப்பக்கத்தில் போய்விடும். பத்து வாக்கியம் இப்படித் திருப்பிவிட்டால் கை பழகிவிடும். ஆனால் அந்த வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்த பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால் இந்த உதாரணத்தை எடுக்காதீர்கள். தவறவிட்ட பஸ், தோற்ற கபடி மேட்ச் என்று எவ்வளவோ இருக்கிறது. மாமரத்துக்கும் ஒரு வாக்கியம் உண்டு: பூ எடுத்த நேரத்தில் மழை பெய்யாமல் இருந்திருந்தால் பெங்களூரா மா நன்றாகக் காய்த்திருக்கும். கிருஷ்ணகிரியில் இதைச் சொல்லாத வீடு குறைவு.

மிக்ஸ்டு கண்டிஷன் உங்கள் பாடத்தில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளை அதைத் தானாகக் கண்டுபிடித்ததை நான் பார்த்தேன், அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்த இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழுந்துவிடும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்த பிறகுதான் பல கிராமங்களுக்குக் காவிரித் தண்ணீர் வந்தது. தேர்ட் டைப் எழுதச் சொன்னபோது ஒரு மாணவி நோட்டில் இப்படி எழுதியிருந்தாள்: ‘இஃப் காவேரி வாட்டர் ஹேட் கம் வென் மை மதர் வாஸ் எ பேபி, ஷீ வுட் ஸ்மைல் இன் ஃபோட்டோஸ் நவ்.’ அம்மா குழந்தையாக இருந்தபோதே காவிரித் தண்ணீர் வந்திருந்தால், இப்போது போட்டோவில் சிரிப்பார். முன்பக்கம் தேர்ட், பின்பக்கம் செகண்ட். சூத்திரப்படி பார்த்தால் ‘வுட் ஹேவ் ஸ்மைல்டு’ என்று திருத்தியிருப்பேன். நல்லவேளை, பேனாவை எடுப்பதற்கு முன்னால் ‘நவ்’ என்பதைப் படித்துவிட்டேன். காரணம் அன்றைக்கு, விளைவு இன்றைக்கு. அவளுக்கு மிக்ஸ்டு கண்டிஷன் என்ற பெயரே தெரியாது. சொல்ல வேண்டிய விஷயம் இருந்தது, வாக்கியம் அதற்கேற்ற வடிவத்தில் வந்துவிட்டது.

இவ்வளவும் நடக்க வேண்டுமென்றால் அடியில் ஒன்று இருக்க வேண்டும்: வினைச்சொல்லின் மூன்று ஃபார்ம். கோ, வென்ட், கான். இது தெரியாத பிள்ளையிடம் ‘ஹேட் கான்’ வராது, ‘ஹேட் வென்ட்’தான் வரும்; ‘வுட் வென்ட்’ என்றும் வரும். இஃப் கண்டிஷன் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் ஐந்து வினைச்சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு போதும். இதை மட்டும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், வேறு வழி இல்லை.

இன்னொரு தப்பு நம் பக்கத்துக்கே உரியது: ‘யூ கம் மீன்ஸ், ஐ வில் கிவ்.’ எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கோபம் வராது. நாம் பேச்சில் ‘வந்தேன்னா’, ‘வரலைன்னா’ என்கிறோம். அந்த ‘ன்னா’ என்பது ‘என்றால்’. ‘ஜனநாயகம் என்றால் என்ன’ என்பதிலும் அதே ‘என்றால்’தான், அங்கே அதற்கு ஆங்கிலம் ‘மீன்ஸ்’. ஒரு சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை. பிள்ளை ஒரே ஆங்கிலச் சொல்லை இரண்டு வேலைக்கும் வைக்கிறது. இதை இப்படியே விளக்கிச் சொல்லுங்கள். பொருள் சொல்கிற ‘என்றால்’ மீன்ஸ், நிபந்தனை போடுகிற ‘என்றால்’ இஃப். இதைக் கேலி செய்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், தப்பு மட்டும் உள்ளேயே இருக்கும்.

தெலுங்கு, கன்னடப் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். அவர்கள் உங்கள் வகுப்பின் சொத்து. ‘வந்தால்’ என்பதைத் தெலுங்கில் ‘வஸ்தே’ என்றும் கன்னடத்தில் ‘பந்தரெ’ என்றும் சொல்வார்கள். ‘வந்திருந்தால்’ தெலுங்கில் ‘வச்சி உன்டே’, கன்னடத்தில் ‘பந்தித்தரெ’. மூன்று மொழியையும் பலகையில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தை எழுதுங்கள். மூன்றிலும் ‘இஃப்’ என்ற தனிச்சொல் முன்னால் வருவதில்லை, வினையின் வாலில் ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். கன்னடப் பிள்ளைக்கு ‘பந்த’ என்ற இறந்தகாலம் உள்ளே தெரியும், நான் முன்னால் சொன்ன வந்தான், வந்தால் விளையாட்டு அவர்களுக்கும் பொருந்தும். தெலுங்கில் அது பொருந்தாது. ‘வஸ்தே’ என்பது ‘வஸ்தாடு’, அதாவது வருவான் என்பதற்குப் பக்கத்தில் நிற்கிறது. ‘இஃப் ஹீ வில் கம்’ என்று எழுதும் தெலுங்குப் பிள்ளையிடம் கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும். நம் பள்ளிகளில் வீட்டு மொழியைப் பலகையில் பார்க்காமலே பத்து வருஷம் படித்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. அன்றைக்கு ஒரு நாள் பார்க்கட்டும்.

‘அன்லெஸ்’ஸுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். வராவிட்டால், அவ்வளவுதான். தமிழ் வாத்தியார் வகுப்பில் ‘பெய்தாலொழிய’ படித்த பிள்ளைகளுக்கு அதுவே சரியான சொல். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அன்லெஸ்ஸுக்குள்ளேயே ‘நாட்’ இருக்கிறது, இன்னொரு ‘நாட்’ போடக்கூடாது. வந்தாலும் என்பது ‘ஈவன் இஃப்’, வந்தால்தான் என்பது ‘ஒன்லி இஃப்’. ஒரே வினையில் ஒவ்வொரு வாலாக மாட்டிக் காட்டினால் அரை மணி நேரத்தில் மூன்றும் முடிந்துவிடும்.

கடைசியாகப் பரீட்சை. வெறும் மதிப்பெண் என்று அதை ஒதுக்க நமக்கு உரிமை இல்லை. நம் பிள்ளைகளுக்கு அது வாசல். சூத்திரத்தை நான் தூக்கிப் போடச் சொல்லவில்லை, கடைசியில் கொடுங்கள் என்கிறேன். ஆறேழு பீரியட் இப்படிப் பேசி எழுதிய பிறகு, பிள்ளைகளின் வாக்கியங்களையே பலகையில் வரிசையாக எழுதி, அதிலிருந்து சூத்திரத்தை அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். பிரெசென்ட், வில். பாஸ்ட், வுட். ஹேட் போட்ட மூன்றாவது ஃபார்ம், வுட் ஹேவ் போட்ட மூன்றாவது ஃபார்ம். விடை தேர்ந்தெடுக்கும் கேள்வியில், கொடுத்திருக்கும் பாதியில் வினைச்சொல்லை அடிக்கோடிட்டு, மறுபாதியில் அதன் ஜோடியைத் தேடச் சொன்னால் மெதுவாகப் படிக்கும் பிள்ளையும் மதிப்பெண் எடுத்துவிடும். இஃப் முன்னால் வந்தால் நடுவில் கமா, பின்னால் வந்தால் கமா வேண்டாம். இது கவனக்குறைவால் போகிற மதிப்பெண். நோட்டுத் திருத்தும்போது மட்டும் ஒன்று செய்து பாருங்கள். சூத்திரத்தில் தப்பு இருந்தாலும் விஷயம் பிள்ளையின் சொந்த விஷயமாக இருந்தால், முதலில் அந்த விஷயத்துக்கு ஒரு வரி பதில் எழுதுங்கள், ஆங்கிலத்திலேயே. ‘இஃப் ஐ ஹேவ் எ லேம்ப், ஐ வுட் ரீட் அட் நைட்’ என்று எழுதியிருந்தால், ‘ஹேவ்’வைச் சுழிப்பதற்கு முன்னால், ‘வாட் வுட் யூ ரீட்?’ என்று ஓரத்தில் கேளுங்கள். அடுத்த நாள் அந்த நோட்டு பதிலோடு திரும்பி வரும். அந்தப் பதிலில் ‘வுட்’ சரியாக இருக்கிறதா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.